அவள் வாயால் களாக்காய்

நான் எதையும் மன்னிப்பவள் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பலபேர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால் நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். சிலருக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும், சொம்பு பறக்கும், அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிக் காப்பி குடிப்பார்கள். எனக்குக் கோபம் வந்தால் சத்தமே வராது. உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை மாதம் கழித்துக் கேட்டாலும் ஆறாமல் எடுத்துக் கொடுப்பேன். ஒரு டப்பா களாப்பழத்துக்காக நான் பழிவாங்கியதை இங்கே எழுதுகிறேன். ஒரு டப்பா பழத்துக்கா இத்தனை ஆங்காரம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியன்களை ட்யூப் லைட்டுக்குக் கீழே மேசைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்கிற வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எனக்குக் கசக்குமா? மூன்று வருடம் கைமடியாக நின்றுவிட்டுத்தான் அந்த மேசைக்கு வந்தேன். கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, மடித்து அடுக்குகிற ஆள். டெய்லர் கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாவிட்டாலும் நிற்க வேண்டும். செக்கிங்கில் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு கட்டு பேக்கிங்குக்குப் போகாது.

தங்கியிருந்தது கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில். சொந்த ஊர் கொமரலிங்கத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அங்கே தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்புவேன். ஆனி, ஆடி மாதங்களில் திரும்பும்போது என் பையில் ஒரு டப்பா களாப்பழம் கட்டாயம் இருக்கும்.

எங்கள் ஊர் இட்டேரி முழுக்கக் களாச்செடிதான். வண்டித்தடத்துக்கு இரண்டு பக்கமும் வேலியாக, ஆள் உயரத்துக்கு மேல், கவைமுள்ளோடு நிற்கும். நடுவே சூரியும் காரையும் முளைத்திருக்கும், ஆனால் அவற்றை நான் மதிப்பதில்லை. களா காயாக இருக்கும்போது பச்சை, பிறகு ஒரு பக்கம் மட்டும் சிவப்பு, பழுத்தால் கருநீலம். முள் கீறாமல் பறித்தவர்கள் யாரும் கிடையாது. பழத்தைக் கடித்தால் புளிப்பு முதலில் காதுக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கும், அப்புறம்தான் இனிப்பு வரும். தின்ற கையில் இரண்டு நாளைக்குக் கறை போகாது.

அதனால்தான் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். மத்தியானச் சோற்று நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானும் தையல் லைன் பெண்களும் தின்போம். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவேன். விரலில் கறை நிற்கும், ஆனால் துணியில் ஒட்டாது. செக்கிங் மேசைமேல் இருந்தது முழுக்க வெள்ளைக் குழந்தைப் பனியன்கள். அவற்றின்மேல் ஒரு பொட்டுக் கறை பட்டால் என் பிழைப்பு போகும் என்று எனக்குத் தெரியாதா?

கம்பெனியை நடத்தியது ஓனர் என்றாலும் எங்களை நடத்தியது ஓனரம்மா. எழுதும்போது அவள் என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் நான் அவளிடம் ஒரு வார்த்தைகூட ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்தே நடந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் நடக்கும். அவள் பிறந்தது மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில். அமராவதி ஆற்றுக்கு அந்தக் கரையில் அவளுடைய அப்பாவின் தோட்டம், இந்தக் கரையில் எங்கள் ஊர். இதை நான் அவளிடம் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால், உறவு கொண்டாட வருகிறாள் என்று நினைத்துவிடுவாள்.

அந்த ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஓனருக்குப் பிறந்தநாள். சாயங்காலம் டீ நேரத்தில் பேக்கிங் மேசைமேலேயே கேக் வெட்டினார்கள். எங்களுக்கெல்லாம் பேப்பரில் ஒரு துண்டு வந்தது. ஓனரம்மாவுக்குக் கேக்கின்மேல் இருக்கும் சிவப்புச் செர்ரிதான் உயிர். தன் துண்டில் இருந்ததைத் தின்றுவிட்டு, ஓனர் துண்டில் இருந்ததையும் விரலால் எடுத்துத் தின்றாள். பிறகு வழக்கம்போல அடுக்கியிருந்த பனியன்களை எடுத்துத் தடவிப் பார்த்தாள். துணி மெதுவாக இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். ஃபீல் பார்ப்பது என்று அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பனியனில் கறை இருந்தது. நெஞ்சுப் பக்கம், ரோஸ் நிறத்தில், விரல் அளவுக்கு. இரண்டும் என் கையெழுத்துப் போட்ட கட்டு. லைன் முழுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓனரம்மா என் மேசைக்கு வந்து கையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நகக்கண்ணில் எல்லாம் களாக்கறை. பழம் தின்பது வெளியேதான், கை கழுவாமல் ஒரு பீஸைக்கூடத் தொட்டதில்லை என்று சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. என் பையைத் திறக்கச் சொல்லி, மிச்சப் பழம் இருந்த டப்பாவை எடுத்து, இரண்டு விரலால் மூடியைத் திறந்தாள்.

“இதென்ன காட்டுக்காய்? பேருகூடத் தெரியல. இட்டேரில பொறுக்கித் தின்னறதையெல்லாம் கம்பெனிக்குள்ள கொண்டாந்தா இப்படித்தான் ஆகும்” என்றாள்.

டப்பாவோடு வெளியே போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். டப்பாவையும் அங்கேயே போட்டாள். நாற்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்ததும் சூப்பர்வைசரிடம், சுத்தம் தெரியாதவளை வெள்ளைத் துணியில் உட்கார வைக்காதே, கைமடிக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டாள். அரை மணி நேரத்தில் என் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கைமடிக்குப் போனது வலித்தது. சுத்தம் தெரியாதவள் என்றது அதைவிட வலித்தது. அதற்குப் பிறகு லைனில் இரண்டு பேர் என்னிடம் தண்ணீர்ச் செம்பு வாங்கத் தயங்கினார்கள். ஆனால் என் வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. பேருகூடத் தெரியல என்றாளே, அதற்காக. அமராவதிக் கரையில் பிறந்த ஒருத்திக்குக் களாக்காய் பேர் தெரியாதாம். பேரே தெரியாத காய் இட்டேரியில் காய்க்கும் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? குறை கண்டுபிடித்தே பழகியவள் நான். அவள் பேசிய அந்த இடத்தில் மனசுக்குள் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துக்கொண்டேன். அவள் வாயாலேயே களாக்காய் என்று சொல்ல வைக்க வேண்டும், அதுவும் அதே நாற்பது பேர் முன்னால், என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் தோன்றியதெல்லாம் சில்லறைப் புத்திதான். அவள் டீயில் உப்புப் போடலாமா, அவள் ஸ்கூட்டி சீட்டில் பழத்தைப் பிழிந்து வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஒருநாள் அவள் செருப்பை எடுத்து ஒளித்தும் வைத்துவிட்டேன். அதை வாட்ச்மேன் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். நாள் முழுக்க டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கால் கடுத்தது. ஒவ்வொரு தடவை கால் மாற்றி நிற்கும்போதும் அவளை ஒரு வார்த்தை திட்டிக்கொள்வேன். நல்ல வார்த்தைகள் இல்லை.

கைமடிக்குப் போனதில் ஒரே ஒரு லாபம், கறை பட்ட துணிகளைக் கறை எடுக்கும் அண்ணனிடம் கொண்டுபோவதும் எங்கள் வேலை. அவர் திருநெல்வேலிக்காரர். பின்பக்கம் ஒரு சின்ன அறையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மருந்து பீய்ச்சும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். ஆடி முடியும் சமயத்தில் ஒருநாள் போனபோது, என் பேரைக் கெடுத்த அந்த இரண்டு பனியனும் அவர் மேசைக்கு அடியில் கிடந்தன. இன்னும் போகவில்லையா என்று கேட்டேன்.

“என்ன மருந்து அடிச்சாலும் போக மாட்டேங்கு. இது பழக்கறையே இல்லம்மா. பழக்கறைன்னா சோப்பு பட்டதும் நீலமா மாறிரும்லா? இது அப்படியே ரோஸாத்தான் இருக்கு. ஏதோ சாயம்” என்றார்.

நான் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பிடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ரோஸ் ஒரு வருடம் முழுக்க என் கையிலேயே இருந்த நிறம்.

திருப்பூருக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தேன். பழுக்காத களாக்காயை மூட்டை மூட்டையாக எடுத்து வந்து உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நிறம் செத்து வெளுத்துப்போனதும் எங்களிடம் கொட்டுவார்கள். வளைத்த கம்பியால் காம்புப் பக்கம் குத்தி விதையை வெளியே எடுப்பது எங்கள் வேலை. அப்புறம் சர்க்கரைப் பாகில் வேகவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றினால் பேக்கரிச் செர்ரி தயார். அதை அள்ளி டப்பாவில் அடைப்பதும் நாங்கள்தான். கேக்கின்மேலும் பன்னுக்குள்ளும் ஐஸ்கிரீமிலும் இருப்பது அதுதான். நிஜச் செர்ரியை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள்.

கறை களாக்காயுடையதுதான். ஆனால் அவள் தின்ற களாக்காயுடையது. செர்ரி தின்ற விரலோடு ஃபீல் பார்த்தவள், என்னைச் சுத்தம் தெரியாதவள் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் கறை எடுக்கும் அண்ணன் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும், சூப்பர்வைசரிடம் நானே பேசுகிறேன், உன்னைத் திரும்ப செக்கிங்கில் உட்கார வைப்பார்கள் என்றார். வேண்டாம் என்றேன். மெதுவாகப் போய்ச் சொன்னால் மெதுவாக உட்கார வைத்து மூடிவிடுவார்கள். என் டப்பாவை யாரும் மெதுவாகக் கவிழ்க்கவில்லை. அந்த இரண்டு பனியனையும் இனி மருந்து அடிக்காமல் வைத்திருங்கள், நான் கேட்கும்போது கொண்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆவணியில் ஓனரம்மாவுக்குப் பிறந்தநாள் வருகிறது என்று ஆபீஸ் பெண் சொன்னாள். அதுவும் திங்கட்கிழமை. ஞாயிறு அன்று ஊருக்குப் போனேன். காய்ப்பு ஓய்ந்துவிட்ட நேரம். இட்டேரியில் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை தேடி, நிழலில் பின்தங்கிக் காய்த்த பச்சைக்காய் நாலைந்தைக் கண்டுபிடித்தேன். காயை மட்டும் கிள்ளினால் பால் வடிந்துவிடும் என்று சின்னக் கிளையோடு ஒடித்து ஈரத்துணியில் சுற்றினேன். என்னத்துக்கு இது என்று அம்மா கேட்டாள். ஓனரம்மா பிறந்தநாளுக்கு என்றேன். நல்ல புள்ளை என்றாள்.

களாக்காய் தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது புதுசாகக் காம்பு கிள்ளிய காயை அப்படியே வாயில் வைக்கப் போனால் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. காம்பில் வரும் பால் பசையாட்டம் உதட்டை ஒட்டிவிடும். அதைக் கல்லிலோ துணியிலோ தேய்த்துவிட்டுத்தான் கடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பேச்சே இல்லாத பங்காளிகள்கூட இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறந்துவிடுவார்கள். நான் நம்பியது இதை மட்டும்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பேக்கிங் மேசையில் கேக் வந்தது. ஓனர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். கேக்கைப் பங்கு போட்டுக் கொடுப்பது கைமடிக்காரர்கள் வேலை, அதாவது என் வேலை. செர்ரி நிறைய இருந்த துண்டாகப் பார்த்து, மற்ற துண்டுகளில் இருந்ததையும் ஸ்பூனால் எடுத்து அதன்மேல் அடுக்கி, அவளிடம் நீட்டினேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாக விரலால் எடுத்துத் தின்றாள். எல்லோரும் கேக்கும் கையுமாக நின்றிருந்தோம்.

“ஏனுங்க, இது என்ன பழமுங்க?” என்று கேட்டேன்.

செர்ரி என்றாள். குளிர்ப் பிரதேசத்தில் காய்ப்பது, நீங்களெல்லாம் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாள். அப்படீங்களா என்று கேட்டுவிட்டு, விரலெல்லாம் பாகாக இருக்கிறதே, துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வெள்ளை ரிஜெக்ட் பனியனை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். துடைத்தாள். நான் அதை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் விரித்தேன். ரோஸ் நிறத்தில், விரல் அளவுக்கு. கறை எடுக்கும் அண்ணன் பழைய பனியன் இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார். ஈர சோப்பை எடுத்து மூன்றின்மேலும் தேய்த்தார். மூன்றும் ரோஸாகவே இருந்தன.

“என்ற பழமா இருந்தா நீலமா மாறியிருக்குமுங்க. இது உங்க பழமுங்க” என்றேன்.

எல்லோரும் மூன்று பனியனையும் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. கேக் சாயம் எங்கேயும் ஒட்டத்தான் செய்யும், அதற்கென்ன இப்போது என்றாள். நான் விடவில்லை. அவள் தட்டில் மிச்சமிருந்த ஒரு செர்ரியை எடுத்துப் பிய்த்தேன். கம்பிக்குத் தப்பிய ஒரு விதை உள்ளே இருந்தது. ஷெட்டில் வேலை பார்த்தவளுக்கு எந்தக் காயில் விதை தங்கியிருக்கும் என்று தொட்டாலே தெரியும். விதையை அவள் தட்டில் வைத்தேன். இது நம்ம ஊர் இட்டேரிக் காய்தான், அன்றைக்கு நீங்கள் சாக்கடையில் கொட்டியதும் இதுவும் ஒரே செடியில் காய்ப்பதுதான் என்று சொன்னேன். பேர் சொல்லுங்க என்றேன். எனக்கு அதெல்லாம் தெரியாது என்றாள்.

அப்போது ஈரத்துணியைப் பிரித்தேன். ஒரு பச்சைக்காயைக் கிளையிலிருந்து கிள்ளினேன். காம்பில் வெள்ளையாகப் பால் முட்டி வந்தது. அவள் கண் அந்தப் பாலையே பார்த்தது. நான் துடைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காயை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

“ஐயோ, அப்படியே வெக்காத கண்ணு, களாப்பால் ஒதட்டுல ஒட்டிக்கும். தேச்சுப்போட்டுத் தின்னு” என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. தேய்த்துக் காட்டுவதற்காக என்னை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. அப்புறம் லைனே சிரித்தது. அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காயைத் துணியில் நன்றாகத் தேய்த்து, நிதானமாகக் கடித்துத் தின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான களாக்காயை நான் தின்றதில்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் என்னைச் செக்கிங்குக்குப் போகச் சொன்னார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓனரம்மா அதற்குப் பிறகு என் மேசைப் பக்கம் வருவதே இல்லை. ஃபீல் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். தண்ணீர்ச் செம்பு வாங்கத் தயங்கிய அந்த இரண்டு பேருக்கும் வாரம் முழுக்க நானே தேடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. பழி தீர்ந்ததா என்று கேட்டால் தீர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டும்போதெல்லாம் அந்த வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. களாப்பால் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கண்ணு என்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதுவரை என்னை ஏம்புள்ள என்றும் இந்தா என்றும் தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு என் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நிஜமாகவே பதறினாள். அதைப் பார்த்து அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று இதைக் கேட்ட ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு வந்தது புதுக் கோபம். அப்படி ஒரு சொல் அவளிடம் இல்லவே இல்லை என்று நினைத்திருந்தவரை நான் அவளை வெறுமனே வெறுத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது. நாற்பது பேர் பார்க்க என் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்த அன்றைக்கும் அது அவளிடம் இருந்திருக்கிறது.